கவனம் யாருக்குக் கடமை?

ஒரு பெண்பிள்ளையைத் திட்டுவதற்கு எங்கள் கரிசல் பக்கத்தில் தனியாக ஒரு சொல்வரிசையே இருக்கிறது. பொறுப்பத்தவ, பராக்குப் பாக்குறவ, ஓரிடத்துல இருப்புக்கொள்ளாதவ, அடுப்புல பாலை வச்சிட்டு ஆகாசத்தைப் பாக்குறவ. பையன்களைத் திட்டவும் சொற்கள் உண்டு. ஆனால் பையனைத் திட்டும் சொற்கள் பெரும்பாலும் அவன் செய்த ஏதோ ஒன்றைப் பற்றியவை. பெண்ணைத் திட்டும் இந்தச் சொற்களோ அவள் எதைப் பார்க்கவில்லை, எதை மறந்தாள், எங்கே மனத்தை அலையவிட்டாள் என்பதைப் பற்றியவை. கவனம் பெண்ணுக்கு ஒரு திறமையாக அல்ல, ஒழுக்கமாகக் கற்பிக்கப்படுகிறது. அது தவறினால் அவளுடைய குணமே தவறிவிட்டதாகத் தீர்ப்பு எழுதப்படுகிறது.

கவனம் சிதறுவது குணக்கேடா, உடலில் உள்ள ஒரு வேறுபாடா என்ற கேள்வி மருத்துவத்திலும் நெடுங்காலம் குழம்பிக் கிடந்தது. 1902ஆம் ஆண்டு ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் ஆற்றிய உரைகளில், தான் பார்த்த 43 குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். அறிவில் குறைவில்லை, ஆனாலும் அடங்கவில்லை, ஒன்றில் நிலைக்கவில்லை என்று விவரித்த அவர் அதற்கு வைத்த பெயர் ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு’ என்பது. இன்று ஏடிஹெச்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாற்றின் வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் இந்த உரைகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு நோய் ஒழுக்கக் குறைபாடாகப் பிறந்து, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் கவனக் கோளாறாகப் பெயர் மாறிவருவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

அந்தப் பெயர்மாற்றத்தை மருத்துவமனைக்கு வெளியே பொதுமக்களிடம் கொண்டுபோனவர்களில் ஜான் ரேட்டி முக்கியமானவர். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மனநல மருத்துவர். எட்வர்டு ஹாலோவெல்லுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘டிரைவன் டு டிஸ்ட்ராக்‌ஷன்’ 1994இல் வெளிவந்தது. எழுதிய இருவருமே தங்களுக்கும் அந்தக் கோளாறு உண்டு என்று சொல்லிக்கொண்டவர்கள். மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நோயாளியைப் பற்றிப் பேசுவதைவிட, எங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்வது வேறு வகையான பேச்சு. மன உறுதி இல்லாததால் வருவதல்ல இது, மூளை தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்வதில் உள்ள வேறுபாடு என்று அவர்கள் எழுதியது, சோம்பேறி என்று பெயர் வாங்கியே வளர்ந்த பலருக்கு விடுதலையாக இருந்திருக்கும்.

அந்த விடுதலை எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு எப்போது வந்துசேரும் என்பதுதான் என் கேள்வி. அதற்கு நம் இலக்கியத்திலேயே ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

திருக்குறளில் மறதிக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. 54ஆம் அதிகாரம், பொச்சாவாமை. அது பொருட்பாலில், அரசியலில் வருகிறது. ஆள்கிறவனுக்குச் சொல்லப்பட்டது. மகிழ்ச்சியின் மிகுதியில் வரும் மறதி, எல்லை மீறிய சினத்தைவிடக் கெட்டது என்று அந்த அதிகாரம் தொடங்குகிறது. அங்கே மறதியைக் குறிக்க வள்ளுவர் ஆளும் சொல் ‘சோர்வு’. இதே சொல் அறத்துப்பாலில், வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தில் எதிர்மறையாக வருகிறது. தன்னைக் காத்து, கணவனைப் பேணி, குடும்பத்தின் பெயரையும் காத்து, சோர்வு இல்லாதவளே பெண் என்று அங்கே வரையறை. முனைவர் பட்ட மாணவர்களுக்கு இந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பாடம் நடத்துவது எனக்குப் பிடித்தமான வேலை. அரசனுக்குச் சோர்வு வரக்கூடும், வராமல் பார்த்துக்கொள் என்று அறிவுரை கிடைக்கிறது. பெண்ணுக்கோ சோர்வின்மை அறிவுரையாகக்கூட வரவில்லை, இலக்கணமாக வருகிறது. அரசன் மறந்தால் அவன் கெட்ட அரசன். பெண் மறந்தால் அவள் பெண்ணா என்பதே சந்தேகம்.

ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய நூலை இன்றைய அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது என் நோக்கமல்ல. அந்த இலக்கணம் இன்னும் நம் வீடுகளில் நடைமுறையில் இருக்கிறது என்பதுதான் கவலை. அதன் மருத்துவ விளைவும் தெரிந்ததே. கவனக்கோளாறு உள்ள சிறுவன் வகுப்பைக் கலைக்கிறான், பக்கத்துப் பையனை அடிக்கிறான், ஆகவே ஆசிரியரின் கண்ணில் படுகிறான். சிறுமியிடம் அது பெரும்பாலும் வெளியே தெரியாத கவனச் சிதறலாக இருக்கிறது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பாள். அடங்கி இருக்கக் கற்றுக்கொடுக்கப்பட்டவள் என்பதால், உள்ளே ஓடுவதை வெளியே காட்டாமல் மறைக்கவும் கற்றிருப்பாள். மறந்துவிடுவோம் என்று பயந்து ஒன்றை நான்கு முறை சரிபார்ப்பாள். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு மூன்று மணி நேரம் விழித்திருப்பாள். யாரும் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை, ஏனென்றால் அவளால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

தொந்தரவு அவளுக்குத்தான். கலிபோர்னியாவில், பெர்க்லியில் ஸ்டீபன் ஹின்ஷாவும் அவருடைய குழுவினரும் இந்தக் கோளாறு உள்ள 140 சிறுமிகளையும் இல்லாத 88 சிறுமிகளையும் 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் இளம்பெண்களானபோது எடுத்த கணக்கு 2012இல் வெளியானது. சிறுவயதில் கவனச் சிதறலும் துறுதுறுப்பும் அடக்கமின்மையும் சேர்ந்திருந்தவர்களிடம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலைக்கு முயல்வதும் மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தன. பொறுப்பத்தவ என்று பத்து வருடம் கேட்டு வளர்கிற ஒருத்தி அந்தச் சொல்லை நம்பத் தொடங்கிவிடுகிறாள். அதற்குப் பிறகு அவளைத் திட்ட வேறொருவர் தேவையில்லை.

எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு முரணும் உண்டு. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரம் தீப்பெட்டியால் வாழ்ந்த வட்டாரம். மானாவாரிப் பூமியில் மழை பொய்த்த வருடங்களில் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றியது தீப்பெட்டிதான். சிறுமிகளின் விரல்கள் குச்சி அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் பொருத்தமானவை என்று பல காலம் சொல்லப்பட்டது. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் அந்தக் குழந்தைகளை உலகத்துக்குக் காட்டியது. ஒரு சிறுமி பொழுதெல்லாம் குனிந்து உட்கார்ந்து, ஒரு குச்சிகூடப் பிசகாமல் அடுக்கினாள் என்றால், அவளிடம் கவனம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவளுடைய கவனத்தை ஒரு தொழில் முழுவதுமாக உறிஞ்சி எடுத்துக்கொண்டது. மிச்சத்தோடு மாலைப் பள்ளிக்கு வந்தவளைப் பார்த்து, படிப்பில் கவனம் இல்லை என்று சொன்னோம்.

பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய்ல் இதை உடம்பால் அறிந்தவர். தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு 1934 டிசம்பரில் பாரிஸில் ஆல்ஸ்தோம் ஆலையில் தொழிலாளியாகச் சேர்ந்தார். 1935இல் ரெனோ ஆலையிலும் வேலை பார்த்தார். துண்டுக்கணக்கு வேலையின் வேகத்தில் முதலில் சாகிறது யோசிக்கும் ஆற்றல்தான் என்று அவர் கண்டுகொண்டார். பின்னாளில் கவனத்தை அறத்தின் மையமாக வைத்து எழுதிய ஒருவர், கவனம் எப்படிக் கொல்லப்படுகிறது என்பதை ஆலையில் கற்றார் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. கவனம் காற்றைப் போல எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதல்ல. அதற்கு ஓய்வு வேண்டும், உணவு வேண்டும், பயமில்லாத நேரம் வேண்டும்.

ரேட்டியின் இரண்டாவது பெரிய வாதத்துக்கு வருகிறேன். 2008இல் எரிக் ஹேகர்மன் துணையோடு அவர் எழுதிய ‘ஸ்பார்க்’, உடற்பயிற்சி முதலில் மூளைக்கானது, இதயத்துக்கும் தசைக்கும் கிடைப்பதெல்லாம் கூடுதல் லாபம் என்று சொல்கிறது. சிக்காகோ அருகே நேப்பர்வில்லில் மாணவர்கள் வகுப்பு தொடங்கும் முன்பே ஓடுகிறார்கள். யார் முதலில் வந்தார் என்று பார்க்காமல், அவரவர் இதயத் துடிப்பை வைத்து அவரவர் முயற்சிக்கு மதிப்பெண். 1999இல் நடந்த சர்வதேசத் தேர்வில் அந்த ஊரின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் அறிவியலில் முதலிடமும் கணிதத்தில் ஆறாம் இடமும் பெற்றார்கள். நேப்பர்வில் வசதியானவர்கள் வாழும் ஊர் என்பதையும் நாம் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் உடல் அசைந்தால் மூளை மாறுகிறது என்பதற்கு வேறு சான்றுகள் உண்டு. ஓடும்போது மூளையில் பிடிஎன்எஃப் என்னும் புரதம் கூடுகிறது. நரம்பணுக்கள் தழைக்கவும் ஒன்றோடொன்று இணையவும் அது உதவுகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 120 முதியவர்களில் பாதிப்பேர் வாரம் மூன்று நாள் நடந்தார்கள். ஓராண்டில் அவர்களுடைய மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. கவனக்கோளாறு உள்ளவர்களுக்கும் உடற்பயிற்சி கைகொடுக்கிறது. டோபமைன், நார்அட்ரினலின் என்று மருந்துகள் எந்த வேதிப்பொருள்களைத் தொடுகின்றனவோ, ஓட்டமும் அவற்றைத்தான் தொடுகிறது என்பது ரேட்டியின் விளக்கம்.

இதை வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். ‘எங்கம்மா தலையில குடத்தோட நடக்காத நடையா மேடம்?’ என்பார்கள். நியாயமான கேள்வி. வெயிலில் களை எடுத்து, பருத்தி எடுத்து, விறகு கட்டி, தண்ணீர் சுமந்த பெண்களுக்கு இந்தக் கணக்கின்படி உலகத்திலேயே சிறந்த மூளை நலம் வாய்த்திருக்க வேண்டும். வேலையும் பயிற்சியும் ஒன்றா என்பதைச் சில ஐரோப்பிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். ஓய்வுநேரத்தில் விரும்பிச் செய்யும் உடலசைவு ஆயுளைக் கூட்டுவதாகத் தெரிகிறது. வேலைக்காகச் செய்யும் கடும் உடலுழைப்பில் அந்த நன்மை அப்படித் தெரிவதில்லை. சில ஆய்வுகளில் தீங்காகவே தெரிகிறது. வேலையில் உடம்பு மீண்டு வரப் போதிய நேரம் இல்லை, வேகத்தை நாம் தீர்மானிப்பதில்லை, வலித்தால் நிறுத்த முடியாது என்று காரணம் சொல்கிறார்கள். ஆக, ஒரே நடைதான். ஒன்று தனக்காக நடப்பது, மற்றது பிறருக்காக நடப்பது. உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது.

தனக்காக நடக்க ஒரு பெண்ணுக்கு நேரம் எங்கே இருக்கிறது? இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வீட்டுவேலையில் உள்ள ஒருநாள் இடைவெளி மட்டுமே 202 நிமிடம். அந்த வாரப் பயிற்சி ஒருநாள் இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல வாசகி. உட்கார்ந்து படித்தால் ஒரு பக்கம் ஏறாது, நடந்துகொண்டே படித்தால் ஒரு நாவலை ஒரு ராத்திரியில் முடிப்பாள். ஹால் டிக்கெட்டைத் தொலைப்பாள், ஒப்படைப்பை எழுதிவிட்டு வீட்டில் வைத்துவிட்டு வருவாள். மொட்டைமாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து படித்தவளைத் தெரு பார்த்தது, யாரைப் பார்க்க நடக்கிறாள் என்று கேட்டது. மாடிக்குப் பூட்டு விழுந்தது. அந்தப் பருவத்தில் அவளுக்கு மூன்று அரியர். மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்ற பேச்சு வந்தபோது அவளுடைய அம்மா கேட்டது ஒரே கேள்வி: ‘நாளைக்கு இவள யாரு கட்டுவா?’ அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், சேர்ந்து வாழவே இயலாத அளவுக்கான மனநலக் கோளாறு மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாக இருக்கிறது. கவனக்கோளாறு அந்த அளவில் வருவதல்ல. ஆனால் ஊர்ப் பேச்சு சட்டத்தின் அளவைப் பார்ப்பதில்லை. பையனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் வாங்கித்தரக்கூடிய சான்றிதழ், பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் காகிதம்.

கடைசியில் அவர்கள் மருத்துவரிடம் போனார்கள். மருந்து எழுதினார், தினமும் 40 நிமிடம் வேகமாக நடக்கச் சொன்னார். மருந்து வாங்குவது சுலபமாக இருந்தது. நடப்பதற்குத்தான் வழியில்லை. பிறகு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். விடியற்காலையில் இருவரும் எட்டயபுரம் ரோட்டில் நடந்தார்கள், கையில் ஒரு தூக்குவாளியோடு. பால் வாங்கப் போகிற பெண்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. தன் மூளைக்காக நடக்கிற பெண்ணுக்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எட்டயபுரம் என்றதும் பாரதியைச் சொல்லாமல் போக முடியாது. 1882இல் அங்கே பிறந்த அவர், தன் வரலாற்றுக் கவிதையில் ஒரு குறையைப் பதிந்திருக்கிறார். ஒத்த வயதுப் பிள்ளைகள் ஓடியும் மரமேறியும் திரிந்தபோது, தந்தையின் கட்டளைக்கு அஞ்சித் தான் தெருவிளையாட்டு எதிலும் சேராமல் தனித்திருந்ததை அதில் சொல்கிறார். அந்தக் குறைதானோ என்னவோ, பிள்ளைகளுக்கு அவர் எழுதிய பாப்பாப் பாட்டு ஓட்டத்திலும் ஆட்டத்திலும்தான் தொடங்குகிறது. ஆனால் பாரதியைப் பற்றி நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. சமைக்க வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்துவிட்ட கதை. அதைக் கவியுள்ளம் என்று கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். அவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது என் வேலையல்ல. அந்தக் கதையில் செல்லம்மாள் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்க்கிறேன். அரிசி எவ்வளவு இருக்கிறது, யாரிடம் கடன் வாங்கியது, அடுத்த வேளைக்கு என்ன என்பதையெல்லாம் நினைவில் வைத்திருந்தவர் அவர். ஒருவர் உலகை மறந்து குருவியைப் பார்க்க, இன்னொருவர் உலையை மறக்காமல் இருக்க வேண்டியிருந்தது. அதே அரிசியைச் செல்லம்மாள் இறைத்திருந்தால் நமக்கு அது கவிதையாகக் கிடைத்திருக்காது. பொறுப்பத்தவ என்ற சொல்தான் கிடைத்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். எல்லாம் சமூகத்தால் வந்தது, வேலைச்சுமையைப் பகிர்ந்தால் சரியாகிவிடும், மருத்துவரும் மருந்தும் எதற்கு என்று பெண்ணியம் பேசுகிற நாமே சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. சுமையால் சிதறும் கவனம் ஒன்று. சிறுவயதிலிருந்தே உடன்வரும் கோளாறு வேறொன்று. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நோயறி கையேடு கேட்பதும் இந்த வேறுபாட்டைக் காணத்தான். முன்னதற்கு நோய்ப்பெயர் சூட்டினால், சுரண்டலை மாத்திரையால் மூடுகிறோம். பின்னதற்கு நோய்ப்பெயரை மறுத்தால், ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையைக் கொள்கையின் பேரால் தட்டிப்பறிக்கிறோம். இரண்டும் ஒருத்தியிடமே சேர்ந்திருக்கவும் கூடும். அவளுக்கு மருத்துவரும் வேண்டும், ரோடும் வேண்டும்.

மூளையின் வேறுபாடு என்றால் பொறுப்பு இல்லையா என்று மாணவிகள் கேட்பதுண்டு. பழியும் பொறுப்பும் வேறு என்பது என் பதில். பழி பின்னோக்கிப் பார்க்கிறது, நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்கிறது. பொறுப்பு முன்னோக்கிப் பார்க்கிறது, இனி என்ன செய்யலாம் என்று கேட்கிறது. கவனக்கோளாறு உள்ள பெண் பழியிலிருந்து விடுபட வேண்டும். அவளுடைய பொறுப்பை யாரும் பிடுங்கிக்கொள்ளத் தேவையில்லை. குறித்துவைப்பாள், மணியடிக்க வைத்துக்கொள்வாள், மருந்து எடுப்பாள், நடப்பாள். ஆனால் பொறுப்பு அவளிடம் மட்டும் முடிவதில்லை. அவளைச் சுற்றியிருப்பவர்களுக்கும் கவனம் என்று ஒன்று உண்டு. இதுவரை அவர்கள் அதைப் பெரிதாகச் செலவழித்ததில்லை.

ஆகவே கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டி போன்ற ஊரில், மாலை நேர மைதானத்தில் விளையாட்டு வீராங்கனையாக இல்லாத சாதாரணப் பெண்ணும் ஓட ஒரு மணி நேரம். வகுப்பில் உட்கார முடியாதவள் கடைசி வரிசையில் நின்றபடி கேட்க அனுமதி. மாணவியைச் சோதிக்கும் மருத்துவர், வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறாய், என்னென்ன வேலை உன் தலையில் என்று கேட்கும் இரண்டு கேள்விகள். வீட்டில் பால், சிலிண்டர், மருந்து, ரேஷன், தண்ணீர் வரும் நாள் என்று ஒருத்தி மட்டுமே மனத்தில் சுமந்து திரியும் பட்டியலைச் சுவரில் எழுதி ஒட்டி, எல்லோருக்கும் பிரித்துக்கொடுப்பது. அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்த்த பிறகும் யாராவது அவளைப் பொறுப்பத்தவள் என்று சொன்னால், அதில் பாதியை அவர் பெயரில் எழுதிவிடலாம்.